‘இன்ஜின் போச்சு’ என்றால், எது போச்சு?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவர், சிப்காட்டில் ஷிப்ட் வேலை. 2012-ல் வாங்கிய பெட்ரோல் வேகன் ஆர், 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாமனார் வீட்டு முகவரியில் புதுச்சேரிப் பதிவு. வண்டி நிற்பதோ ஆரம்பம் முதல் கடலூரில். சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது ஆலப்பாக்கம் தாண்டியதும் ரேடியேட்டர் மேல் ஹோஸ் வெடித்துவிட்டது. துணி சுற்றிக் கட்டி, டீக்கடையில் தண்ணீர் வாங்கி ஊற்றி, நின்று நின்று வீடு வரை ஓட்டி வந்துவிட்டார். மறுநாள் இன்ஜின் தடுமாறுகிறது, சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் உட்புறம் வெளிறிய கசடு.

ஒரு மெக்கானிக், “இன்ஜின் போச்சு, செகண்ட் ஹேண்ட் இன்ஜின் 48,000, இரண்டே நாளில் மாட்டித் தருகிறேன்” என்றிருக்கிறார். இன்னொருவர் முழு ஓவர்ஹாலுக்கு 75,000, மூன்று வாரம் என்கிறார். வாசகருக்கு இன்ஜினை இறக்கித் தானே செய்துவிட ஆசை; பைக் இன்ஜின் பிரித்துக் கட்டிய அனுபவம் உண்டு. மச்சான் வேண்டாம் என்று தடுக்கிறார். மாதம் இரண்டு முறை அம்மாவை ஜிப்மருக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. நானே செய்யலாமா, வேறு இன்ஜின் வாங்கட்டுமா, இன்ஜின் நம்பர் மாறினால் சிக்கல் வருமா, இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்கிறார்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, ஒரே ஒரு அளவைத் தவிர. இரண்டு மெக்கானிக்குகளும் விலை சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு, பார்க்கவில்லை. சூடேறிய இன்ஜினில் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட் மட்டும் வளைந்திருக்கலாம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தளர்ந்திருக்கலாம், சுழலும் தண்டான கிராங்கைத் தாங்கும் பேரிங் அரித்திருக்கலாம், சிலிண்டர்கள் அமைந்த பிளாக் விரிசல் விட்டிருக்கலாம். நான்குக்கும் செலவு வேறு, உங்களால் முடியுமா என்ற பதிலும் வேறு. எது போனது என்று தெரியும் முன்பே மாற்றுவதா, பிரிப்பதா என்று முடிவெடுக்காதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

இனி ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். தினமும் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூலண்ட் கலந்த ஆயில் கிராங்க் பேரிங்கில் படலமாக நிற்காது. அந்த ஒவ்வொரு ஸ்டார்ட்டும் இதுவரை பிழைத்திருந்த பேரிங்கைத் தேய்க்கிறது.

ஆயிலை முழுவதும் இறக்கி, கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் வையுங்கள். தண்ணீர் அடியில் பிரிந்தால், கலந்திருக்கிறது என்பது உறுதி. ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றுங்கள். கழற்றும்போதே பாருங்கள்: இரண்டு கறுத்திருக்க ஒன்று மட்டும் கழுவியதுபோல் வெளுத்திருந்தால், தண்ணீர் போகும் சிலிண்டர் அதுதான். ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி புது ஆயில் விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றி வையுங்கள். கடலோரக் காற்றில், தண்ணீர் பட்ட சிலிண்டர் சுவர் சில நாட்களிலேயே துருப்பிடிக்கும். நல்ல ‘போர்’ (சிலிண்டரின் உட்துளை) அதனாலேயே கெட்டுவிடும். கையால் சுற்றும்போது ஓரிடத்தில் முட்டி நின்றால் பலம் போடாதீர்கள்.

பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது. தெருநாய் நக்கினாலும் குழந்தை தொட்டு வாயில் வைத்தாலும் ஆபத்து.

ஹெட்டைக் கழற்றும் முன் இரண்டு சோதனை

முதலாவது கம்ப்ரஷன். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், மூன்று பிளக்கும் வெளியே, பெட்ரோல் பம்ப் ஃபியூஸ் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்திருக்க வேண்டும். இதற்காக மட்டும் மலிவான ஆயில் ஊற்றிக்கொள்ளுங்கள். பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு ஏழு அடி சுற்றவிட்டு, கேஜ் காட்டும் எண்ணைக் குறியுங்கள். முழு எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம், 15 பி.எஸ்.ஐ. தாண்டினால் கோளாறு. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒரே அளவில் குறைந்திருந்தால், பெரும்பாலும் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது. ஆனால் இப்போது சிலிண்டருக்குள் ஆயில் விட்டு வைத்திருப்பீர்கள். அது எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால் முதலில் கேஜ் இல்லாமல் சில நொடி சுற்றவிட்டு அதை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும்.

இரண்டாவது காற்றுச் சோதனை. பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் இருக்கும்போது பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றுங்கள். பழைய பிளக் ஒன்றைக் குடைந்து வால்வு பற்றவைத்து லேத்தில் அடாப்டர் செய்துகொடுப்பார்கள். கம்ப்ரஸர் வாடகைக்குக் கிடைக்கும். காற்று பிஸ்டனைக் கீழே தள்ளும், ஆகவே டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, ஸ்பேனரைப் புல்லியிலிருந்து எடுத்துவிட்டே காற்றைத் திறக்க வேண்டும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது விரிசல். ஆயில் மூடியில் சீறினால் ரிங். சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு.

ஹெட்டில் எதைப் பார்ப்பது

உங்கள் வண்டியில் இருப்பது கே10பி: 998 சிசி, மூன்று சிலிண்டர், 73 மி.மீ. போர். ஹெட்டும் பிளாக்கும் அலுமினியம். பிளாக்குக்குள் வார்ப்பிரும்பு லைனர். சூட்டில் முதலில் அடிவாங்குவது ஹெட். கொதித்த அலுமினியத்தில் டீக்கடைத் தண்ணீர் சட்டென்று பட்டால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. வெப்பக் குறி இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சாரைத் தொட எதுவும் இருக்காது. முள் இறங்கும், இன்ஜின் எரிந்துகொண்டிருக்கும். பலர் ஏமாறும் இடம் இது.

ஹெட் போல்ட்டுகளை இன்ஜின் ஆறிய பிறகு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, இரண்டு மூன்று தவணையில் தளர்த்துங்கள். கழற்றியதும் நேர்கோல் வைத்து நீளவாக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என ஆறு இடத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய உலோக இலைகள்) விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. இலை எங்காவது நுழைந்தால் ஹெட் லேத்துக்குப் போக வேண்டும். கண்ணாடிமேல் எமரி தாள் ஒட்டித் தேய்த்து மட்டம் செய்யப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். கையால் தேய்த்தால் ஓரம் அதிகமும் நடு குறைவுமாகக் கரையும், புது கேஸ்கட்டும் நிற்காது.

லேத்தில் பலர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஹெட் வளையும்போது அடிப்பக்கம் மட்டும் வளைவதில்லை. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் சேர்ந்து வளைகிறது. அடியைச் சீவி ஃபேசிங் செய்தால் அடி மட்டமாகும், மேலே வளைவு அப்படியே இருக்கும். வால்வு, அதன் தலையில் உட்காரும் பக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு கேம்ஷாஃப்டை மட்டும் வைத்து, கேப்புகளை சர்வீஸ் மேனுவல் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கி விரலால் சுற்றச் சொல்லுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். எங்காவது பிடித்தால் அந்த ஹெட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். அது கேம்ஷாஃப்டை ஒடிக்கும். ஃபேசிங்குக்கு முன்பே பிரஷர் டெஸ்ட்டும் செய்யச் சொல்லுங்கள். விரிசல் விட்ட ஹெட்டை மட்டம் செய்வது வீண் பணம்.

ஹெட் வெளியே இருக்கும்போது போரைப் பாருங்கள். குறுக்குக் கோடுகள் தெரிய வேண்டும். மேல் விளிம்பில் நகம் தட்டக் கூடாது, நெடுகக் கீறல் இருக்கக் கூடாது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், டயல் போர் கேஜ் வைத்திருக்கும் லேத்காரரை அழைத்து மேல், நடு, கீழ் மூன்று ஆழத்தில், இரண்டு திசையில் அளக்கச் சொல்லுங்கள். பிறகு இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சேம்பரைக் கழற்றி ஒரே ஒரு கனெக்டிங் ராடு கேப்பைத் திறந்து பேரிங்கைப் பாருங்கள். ஒரே சீரான சாம்பல் நிறம் நல்லது. செம்பு தெரிந்தாலும், ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் இடத்தில்) நகம் மாட்டும் கோடு இருந்தாலும் கிராங்க் வெளியே வர வேண்டும்.

இப்போது முடிவு

ஹெட் மட்டும் கெட்டு, போரும் பேரிங்கும் நன்றாக இருந்தால், தயங்காமல் நீங்களே செய்யுங்கள். இன்ஜினை இறக்கவே வேண்டாம். லேத் வேலை, ஹெட் கேஸ்கட், புது ஹெட் போல்ட், வால்வு சீல், டைமிங் செயின் கிட், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸும், ரேடியேட்டர் மூடியும் சேர்த்தாலும் இரண்டு மெக்கானிக்குகள் சொன்ன தொகையைவிடக் குறைவாகவே முடியும்.

ரிங் தளர்ந்து, போர் அளவு சரியாக இருந்தால், அதுவும் உங்களால் முடியும். ஆனால் இன்ஜின் இறங்க வேண்டும். சூடேறிய இன்ஜினில் ரிங் தன் விறைப்பை இழப்பது வழக்கம். ஹெட்டை மட்டும் செய்து மாட்டினால் வண்டி ஓடும், ஆயிலும் குடிக்கும். கம்ப்ரஷன் சோதனையில் ஆயில் விட்டதும் எண் ஏறியிருந்தால் ரிங்கைத் தள்ளிப்போடாதீர்கள்.

போரும் கிராங்கும் இரண்டும் கெட்டிருந்தால்தான் உண்மையான தலைவலி. ரீபோர் (சிலிண்டர் துளையைப் பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங், பிஸ்டன் செட் எல்லாம் சேர்ந்து நல்ல பழைய இன்ஜின் விலையை எட்டிவிடும். இந்த இடத்தில் என் கணிப்பு பழைய இன்ஜின் பக்கம். பிளாக்கில் விரிசல் என்றால் யோசிக்கவே வேண்டாம். ரீபோர்தான் என்று முடிவெடுத்தாலும், ஓவர்சைஸ் பிஸ்டன் கையில் வந்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்புங்கள். பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் குடைய வேண்டும்.

உங்கள் கை எதுவரை

கழற்றுவது, சுத்தம் செய்வது, அளப்பது, கட்டுவது உங்களுடையது. ஃபேசிங், வால்வு சீட் வெட்டுவது, போர், கிராங்க் எல்லாம் லேத்துடையது.

ஏசி பைப்பைத் திறக்காதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் போல்ட் கழற்றி, பைப்போடு ஓரமாகக் கட்டி வைக்கலாம். கார் ஷெட் தகரக் கூரைக் குழாயில் செயின் பிளாக் மாட்டும் உங்கள் திட்டத்தைக் கைவிடுங்கள். அந்தக் குழாய் கூரையைத் தாங்கப் போட்டது. இன்ஜின் கிரேன் வாடகைக்கு எடுங்கள். வண்டிக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் மட்டுமே. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும்.

புது ரிங் படிவதற்காகப் போரில் ஹோனிங் (உராய்வுக் கல்லால் போடும் குறுக்குக்) கோடு போட்டால், பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவி நிறுத்தாதீர்கள். உராய்வுத் துகள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். உடனே துடைத்து ஆயில் பூசிவிடுங்கள். ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை அளங்கள். ரிங்கில் பொறித்த குறி மேல்பக்கம் இருக்க வேண்டும்.

மெயின் பேரிங்கைக் கடையில் ‘ஸ்டாண்டர்ட் சைஸ்’ என்று கேட்டு வாங்கினால் போதாது. கிராங்கிலும் பிளாக்கிலும் பொறித்த குறிகளைப் பார்த்து, நிறக்குறி பொருந்தும் பேரிங்கைத் தேர்ந்தெடுக்கும் முறை இது. கேப்புகளை இடம் மாற்றவோ திருப்பவோ கூடாது.

ஹெட் போல்ட் துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது வழியின்றி அழுத்தி பிளாக்கைப் பிளக்கும்; காற்றடித்து உலர்த்துங்கள். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு, சர்வீஸ் மேனுவல் எண்ணின்படி, டார்க் ரென்ச்சால். கை அளவு உங்களுக்குப் பழக்கம் என்கிறீர்கள். பைக்கில் அது ஓடியிருக்கலாம்; அலுமினியப் பிளாக்கில் மரை உருவிவிடும். சேம்பருக்கும் டைமிங் கவருக்கும் சிலிக்கான் பசையை மெல்லிய ஒரே கோடாகப் போடுங்கள். பிதுங்கி உள்ளே விழும் துண்டு ஆயில் வடிகட்டியை அடைத்து, புதிதாகக் கட்டிய இன்ஜினையே கொல்லும். டைமிங் குறிகள் பொருந்திய பிறகு கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். வால்வு சீட் வெட்டிய ஹெட்டில் டாப்பெட் கிளியரன்ஸ் (கேமுக்கும் பக்கெட்டுக்கும் உள்ள இடைவெளி) குறைந்திருக்கும். இதில் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ இல்லை, தடிமன் வேறுபட்ட பக்கெட் தேட வேண்டும். அதற்குச் சில நாள் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பழைய இன்ஜின் வாங்குவதானால்

‘அதே மாடல் இன்ஜின், நம்பரெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்’ என்று முதல் மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பாதீர்கள். இன்ஜின் நம்பர் பிளாக்கில் பொறிக்கப்பட்டது. ஹெட் மாற்றினால் நம்பர் மாறாது. பிளாக் மாறினால் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாகும் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை; மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். மாட்டிய பிறகு அலையாமல், வாங்கும் முன்பே விண்ணப்பித்து அனுமதி பெறுங்கள். கடன் பாக்கி இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் 47-வது பிரிவின்படி இங்கே புதுப் பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி என்பதால் கடலூரில் இதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இன்ஜின் மாற்றத்துக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் இந்தக் கேள்வியும் எழும். தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு வரி இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலும் 2012 வண்டிக்கு 2027-ல் 15 ஆண்டுப் பதிவு முடியும். புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் பார்த்து நம்பரைச் சரிபார்ப்பார்கள். உங்கள் பிளாக்கைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் காகித வேலை ஒரு பெரிய காரணம்.

வாங்கும்போது பில், கழற்றிய வண்டியின் ஆர்.சி. நகல், அது முறையாக ரத்தானதற்கான சான்று மூன்றும் கேளுங்கள். நம்பர் தேய்த்திருந்தாலோ மறுபடி பொறித்ததுபோல் இருந்தாலோ அங்கிருந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவில் குற்றம். சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் இதே விதி.

அடுத்தது வெள்ளம். 2024 ஃபெங்கல் புயலின்போது புதுச்சேரியிலும் கடலூரிலும் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தவர் நீங்கள். அப்படி நின்ற இன்ஜின் கழுவித் துடைத்தால் புதிதுபோல இருக்கும். இன்டேக் குழாய்க்குள் விரலை விட்டு வண்டல் இருக்கிறதா பாருங்கள். ஆல்டர்னேட்டர் காற்றுத் துளைகளில் மண் ஒட்டியிருக்கும். கம்ப்ரஷன் போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். தண்ணீரை இழுத்த சிலிண்டரில் ராடு வளைந்தால் பிஸ்டன் முழு உயரம் ஏறாது, அந்த ஒன்றில் மட்டும் எண் குறையும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான உங்கள் பழைய இ.சி.எம்.மையும் சாவியையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்; திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அவற்றோடுதான் பேசும். 48,000-க்குள் கிளட்ச், வாட்டர் பம்ப், ஆயில், கூலண்ட், ஆர்.சி. வேலை அடக்கமா, எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண பாலிசி இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதன் வாசகத்தைப் படியுங்கள். சூடேறிய பிறகும் ஓட்டியதால் வந்த சேதத்தை விலக்குவது வழக்கம். நடந்ததை மாற்றி எழுதிக் கோராதீர்கள்.

உங்கள் மச்சான் வேண்டாம் என்பது உங்கள் திறமையைச் சந்தேகித்து அல்ல என்று நினைக்கிறேன். ஷிப்ட் போக மிஞ்சும் நேரத்தில் செய்தால், லேத் வேலையும் உதிரிபாகமும் சேர்ந்து ஒரு மாதம் தாண்டும். அந்த ஒரு மாதத்துக்கு ஜிப்மர் பயணங்களுக்கு வாடகைக் கார் செலவை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அப்பாயின்ட்மென்ட் தேதி நெருங்குகிறது என்று அவசரத்தில் ஹெட் போல்ட் இறுக்கும் நிலை வரக் கூடாது.

முதல் ஸ்டார்ட், ‘ரன்னிங்-இன்’ (கட்டிய இன்ஜினைப் பழக்குவது)

ஹோஸ் ஏன் வெடித்தது என்று கண்டுபிடிக்காமல் எந்த இன்ஜினையும் மாட்டாதீர்கள். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை விடுவிக்கிறதா, ஃபேன் ரிலே ஓடுகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதுவரை ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றிவந்ததாகச் சொன்னீர்கள். உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் அலுமினியத்தை அரித்து, ரேடியேட்டர் குழாயை அடைக்கும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி மட்டும் ஊற்றுங்கள்.

பிளக் இல்லாமல், பெட்ரோல் ஃபியூஸ் கழற்றி, ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிட்ட பிறகே முதல் ஸ்டார்ட். ஓடத் தொடங்கியதும் காற்றுக் குமிழி போகும்வரை கூலண்ட் மட்டத்தைக் கவனித்து, ஃபேன் தானாக ஓடி நிற்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதல் 1,000 கி.மீ.க்கு ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டாமல், இறுக்கமாக மிதிக்காமல், வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். ஈசிஆரில் 80-ஐத் தாண்ட வேண்டாம். 500 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிற நுண்துகள் கொஞ்சம் இருப்பது இயல்பு. செம்பு நிறத்திலோ, காந்தத்தில் ஒட்டும் சீவலாகவோ ஏதேனும் மின்னினால், வண்டியை அங்கேயே நிறுத்தி ஆயில் சேம்பரை மறுபடி கழற்றுங்கள்.